ஆலிவ் கார்டன், லாங்ஹார்ன், ரெட் லாப்ஸ்டர்: பலகை ஒருவருடையது, மனை யாருடையது?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் ஆலிவ் கார்டன், லாங்ஹார்ன் ஸ்டேக்ஹவுஸ் இரண்டும் ஒரே கம்பெனி என்கிறார்கள். ரெட் லாப்ஸ்டரும் அவர்களுடையதுதானே? அப்படியிருக்க அது மட்டும் ஏன் திவாலானது? இத்தனை பிராண்டு வைத்திருக்கும் இந்தக் கம்பெனிக்கு முதலாளி யார்?"

சுருக்கமாகச் சொன்னால், கம்பெனியின் பெயர் டார்டன் ரெஸ்டாரண்ட்ஸ், தலைமையகம் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ. முதலாளி என்று கைகாட்ட ஒரு ஆள் கிடையாது, நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் அது. ரெட் லாப்ஸ்டர் 2014 வரை இவர்களுடையது, அப்புறம் விற்றுவிட்டார்கள். அது திவாலானதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் இறால். நான் சொல்லும் காரணம் மனை. இறாலுக்கும் அதில் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் கழுத்தை இறுக்கியது வாடகை. இதைப் புரிந்துகொள்ள முதலில் கம்பெனி எப்படி வளர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

பில் டார்டன் என்பவர் 1938-இல், 19 வயதில், ஜார்ஜியா மாநிலத்தின் வேக்ராஸ் என்ற சின்ன ஊரில் 25 பேர் உட்காரும் ஒரு சாப்பாட்டுக் கடையைத் திறந்தார். பெயர் கிரீன் ஃபிராக், பச்சைத் தவளை. அதற்குப் பின் முப்பது வருடம் பல ஹோட்டல்களை நடத்திப் பழகிய பிறகுதான் 1968-இல் ரெட் லாப்ஸ்டர் வருகிறது. அதைத் திறந்த இடத்தைக் கவனியுங்கள்: ஃபுளோரிடாவின் லேக்லாண்ட். கடற்கரை ஊர் இல்லை, உள்நாட்டு நகரம். கடல் மீன் கிடைக்காத ஊர்க்காரனுக்கு, நடுத்தரக் குடும்பம் கொடுக்கக்கூடிய விலையில் மீனும் இறாலும் சிங்கி இறாலும் என்பதுதான் யோசனை. கூட்டம் வந்தது. ஆனால் கிளை திறக்கப் பணம் வேண்டுமே. கைவிரல் விட்டு எண்ணக்கூடிய கிளைகள் இருக்கும்போதே, 1970-இல், ஜெனரல் மில்ஸ் என்ற பெரிய நிறுவனம் இதை வாங்கிக்கொண்டது.

ஜெனரல் மில்ஸ் என்றால் சீரியோஸ் என்ற காலைத் தானிய உணவை விற்கும் மினியாபோலிஸ் கம்பெனிதான். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் சம்பந்தமில்லாத தொழில்களையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தன. ஜெனரல் மில்ஸும் பொம்மைக் கம்பெனி, துணிக்கடை என்று வாங்கி வைத்திருந்தது. அவற்றில் பலவற்றைப் பின்னால் கழற்றிவிட்டார்கள், ஆனால் ஹோட்டல் தொழிலை மட்டும் கிட்டத்தட்ட 25 வருடம் விடவில்லை. முதல் ரெட் லாப்ஸ்டர் கடையில் மேனேஜராக இருந்த ஜோ லீ படிப்படியாக மேலே வந்து, பின்னால் தனிக் கம்பெனியான டார்டனுக்கே தலைவரானார். சிறிய சங்கிலி நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பெருகியது இந்தக் காலத்தில்தான், பெரிய முதலாளியின் பொறுமையான பணம் பின்னால் இருந்ததால்.

1982 டிசம்பரில் ஆர்லாண்டோவில் முதல் ஆலிவ் கார்டன். இது எந்த இத்தாலியக் குடும்பமும் ஆரம்பித்தது இல்லை. ஜெனரல் மில்ஸ் உட்கார்ந்து யோசித்து, அமெரிக்கக் குடும்பங்களுக்கு எது பிடிக்கும் என்று ஆராய்ந்து வடிவமைத்த ஹோட்டல். பாஸ்தா, மொத்தமாக வரும் சாலட், திரும்பத் திரும்ப வரும் பிரெட்ஸ்டிக் என்ற நீள ரொட்டி. இதில் உள்ள கணக்கு அபாரமானது. வாடிக்கையாளருக்கு வயிறு நிறைய, மனசு நிறையக் கிடைக்கிறது, கம்பெனிக்கு அதில் பெரும்பகுதி கோதுமை மாவும் கீரையும்தான். கையில் திருகும் துருவியோடு பரிமாறுபவர் மேசைக்குப் பக்கத்தில் நின்று, நீங்கள் போதும் என்கிற வரை சாலட் மேல் சீஸ் துருவிக்கொண்டே இருப்பார். பார்ப்பவருக்குத் தாராளம், செலவோ சில காசு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இறால் கதைக்கு வரும்போது இந்த வித்தியாசம் உதவும்.

1995-இல் ஜெனரல் மில்ஸ் ஹோட்டல் பிரிவைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து, அந்தப் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்கே கொடுத்துவிட்டது. அதற்கு முந்தைய வருடம் பில் டார்டன் இறந்திருந்தார், புதிய கம்பெனிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்தக் கணத்திலிருந்து இது எந்தக் குடும்பத்துக்கும் எந்தத் தாய் நிறுவனத்துக்கும் சொந்தமில்லை.

தனியே வந்த முதல் வருடமே ஒரு கடினமான முடிவு. சைனா கோஸ்ட் என்று ஒரு சீன உணவுச் சங்கிலியை ஆலிவ் கார்டன் பாணியிலேயே உருவாக்கி ஐம்பது கிளை வரை வளர்த்திருந்தார்கள். ஓடவில்லை. எல்லாவற்றையும் 1995-இலேயே மூடினார்கள். பின்னர் 1999-இல் ஸ்மோக்கி போன்ஸ் என்று ஒரு பார்பிக்யூ சங்கிலி, நூறு கிளைக்கு மேல் போனது, 2007-இல் பாதியளவு மூடிவிட்டு மிச்சத்தை விற்றார்கள். ஆலிவ் கார்டன் மாதிரி இன்னொன்றை உள்ளேயே பெற்றெடுப்பது நடக்கவில்லை என்பது அந்தப் பன்னிரண்டு வருடத்தில் தெளிவாகிவிட்டது.

அதனால் வாங்கத் தொடங்கினார்கள். 2007-இல் ரேர் ஹாஸ்பிடாலிட்டி என்ற அட்லாண்டா நிறுவனத்தைச் சுமார் 140 கோடி டாலருக்கு வாங்கியபோது லாங்ஹார்ன் ஸ்டேக்ஹவுஸும் கேபிடல் கிரில்லும் கைக்கு வந்தன. அப்புறம் வரிசையாக மற்ற ஹோட்டல் சங்கிலிகள்: 2012-இல் யார்ட் ஹவுஸ், 58.5 கோடி. 2017-இல் செடார்ஸ், 78 கோடி. 2023-இல் ரூத்ஸ் கிறிஸ், 71.5 கோடி. 2024-இல் டெக்சாஸின் சூயிஸ், 60.5 கோடி. இதில் என் கணிப்பில் ரேர் கொள்முதல்தான் கம்பெனியின் பாதையையே மாற்றியது. லாங்ஹார்ன் இன்று ஆலிவ் கார்டனுக்கு அடுத்த பெரிய பிராண்டு. அதோடு ரேர் வழியாக உள்ளே வந்த ஜீன் லீ என்பவர்தான் பின்னால் டார்டனைத் தூக்கி நிறுத்தினார்.

பல பிராண்டு வைத்திருப்பதால் என்ன லாபம் என்று கேட்கலாம். வாடிக்கையாளருக்கு ஆலிவ் கார்டனும் லாங்ஹார்னும் வெவ்வேறு கடை. உள்ளே போனால் கொள்முதல் ஒன்று, கிடங்கு ஏற்பாடு ஒன்று, கணக்கு எழுதும் இடம் ஒன்று, கல்லா மென்பொருள் ஒன்று, மனை தேடும் குழு ஒன்று. மாட்டிறைச்சி விலை ஏறும் வருடத்தில் ஸ்டேக் கடையின் லாபம் குறையும், பாஸ்தா கடை தாங்கிப் பிடிக்கும். வாங்கும் பிராண்டின் சமையலில் கை வைக்காமல், சமையலறைக்குப் பின்னால் இருக்கும் செலவில் மட்டும் கை வைப்பது இவர்கள் வழக்கம். சூயிஸ் மாதிரி நூறு கடை வைத்திருக்கும் கம்பெனி தனியாக இருந்தால் தனியாகப் பங்குச்சந்தைச் செலவு, தனித் தலைமையகம், தனி கொள்முதல். டார்டனுக்குள் வந்ததும் அவற்றில் பாதி தேவையில்லாமல் போகும். கொடுத்த விலையை மீட்பது பெரும்பாலும் அங்கேதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பலர் யம் பிராண்ட்ஸையும் டார்டனையும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள். கேஎஃப்சி, பீட்சா ஹட், டாக்கோ பெல் வைத்திருக்கும் யம் கிட்டத்தட்ட எல்லாக் கடைகளையும் பிராஞ்சைஸுக்கு, அதாவது தன் பெயரில் வேறு ஆட்கள் நடத்த, விட்டுவிட்டு அதற்கு ராயல்டி வாங்குகிறது. டார்டன் நேர் எதிர். 2,100-க்கும் மேற்பட்ட கடைகளில் மிகப் பெரும்பான்மை கம்பெனியே சொந்தமாக நடத்துவது. சமையல்காரர் சம்பளம், எண்ணெய் விலை, ஏசி பழுது எல்லாம் கம்பெனி கணக்கில். அதனால் வருடத்துக்கு 1,200 கோடி டாலருக்கு மேல் விற்பனை காட்டுகிறது, ஆனால் அந்த விற்பனை முழுக்க உழைப்போடும் செலவோடும் வருவது. அன்று பல கடைகளின் கீழே இருக்கும் நிலமும் டார்டனுக்கே சொந்தம், அதுவும் ஒரு பெரிய சொத்தாகக் கணக்கில் இருந்தது. சண்டை அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

2013 வாக்கில் டார்டனின் நிலை சரியில்லை. ரெட் லாப்ஸ்டரில் கூட்டம் குறைகிறது, ஆலிவ் கார்டனும் தள்ளாடுகிறது. முதலில் பேரிங்டன் என்ற முதலீட்டு நிறுவனம், அடுத்து ஜெஃப் ஸ்மித் நடத்தும் ஸ்டார்போர்டு வேல்யூ, பங்குகளை வாங்கிக்கொண்டு நிர்வாகத்தை நெருக்கின. நிர்வாகம் ரெட் லாப்ஸ்டரைக் கழற்றிவிடுவதாக அறிவித்தது. ஸ்டார்போர்டு அதை எதிர்த்தது. விற்பதற்கு முன் எங்களைக் கேளுங்கள் என்று சிறப்புக் கூட்டம் கோரி, பாதிக்கு மேற்பட்ட பங்குகளின் ஒப்புதலையும் திரட்டிக் கொடுத்தது. கூட்டம் நடக்கவில்லை. 2014 மே மாதம், கோல்டன் கேட் கேபிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 210 கோடி டாலருக்கு ரெட் லாப்ஸ்டரை விற்றுவிட்டதாக அறிவிப்பு வந்தது.

பங்குதாரர்களில் பெரும்பான்மை கேள் என்று எழுதிக் கொடுத்த பிறகு கேட்காமல் விற்றது எனக்கு இன்றும் ஏற்க முடியாத செயல். சட்டப்படி செல்லுபடியாகும், அது வேறு விஷயம். அதே வருடம் அக்டோபரில் வாக்கெடுப்பு நடந்தது. பத்து சதவீதத்துக்கும் குறைவான பங்கு வைத்திருந்த ஸ்டார்போர்டு, 12 இயக்குநர் இடங்களையும் வென்றது. இந்த அளவு பெரிய கம்பெனியில் மொத்த இயக்குநர் குழுவும் ஒரே நாளில் மாறுவது மிக அரிது. முதலாளி யார் என்ற உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அந்த நாளில்தான் இருக்கிறது: வாக்குகளைத் திரட்ட முடிந்தவர் யாரோ அவர்.

ஸ்டார்போர்டு அப்போது வெளியிட்ட அறிக்கை கிட்டத்தட்ட 300 பக்கம். அதில் நினைவில் நின்றது சமையலறைதான். பாஸ்தா வேகவைக்கும் தண்ணீரில் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் உப்பில்லாவிட்டால் பாத்திரத்துக்கு நீண்ட உத்தரவாதம் கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள். பாஸ்தா கடையில் உப்பில்லாத பாஸ்தா! பிரெட்ஸ்டிக்குக்கு ஒரு விதி உண்டு, தலைக்கு ஒன்று, மேசைக்குக் கூடுதலாக ஒன்று, கேட்டால் மறுபடி. ஆனால் பரிமாறுபவர்கள் நடையை மிச்சம் பிடிக்க ஒரேயடியாக அள்ளிக் கொண்டுவந்து வைத்தார்கள், ஏழு நிமிடத்தில் அதன் தரம் குறைந்துவிடும், மிஞ்சியது குப்பைக்குப் போகும். பத்திரிகைகள் இதைச் சிரிப்புச் செய்தியாக எழுதின. எனக்கு அது மிகச் சரியான நோய்க்குறிப்பு. கம்பெனி எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாதோ அங்கே மிச்சம் பிடித்து, எங்கே ஒழுங்கு வேண்டுமோ அங்கே விட்டுவிட்டது என்பதை உப்பும் ரொட்டியுமே காட்டிவிட்டன. புது நிர்வாகத்தில் ஜீன் லீ பட்டியலில் இருந்த உணவு வகைகளைக் குறைத்து, சமையலறை வேலையை எளிதாக்கி, சூடாகக் கொண்டுவந்து வைப்பதில் கவனம் செலுத்தினார். ஆலிவ் கார்டன் மீண்டது.

சரி, விற்கப்பட்ட ரெட் லாப்ஸ்டருக்கு வருவோம். 210 கோடிக்கு வாங்கிய கோல்டன் கேட், அதே கையோடு சுமார் 500 கடைகளின் நிலத்தையும் கட்டடத்தையும் அமெரிக்கன் ரியால்ட்டி கேபிடல் பிராப்பர்ட்டீஸ் என்ற மனை நிறுவனத்துக்கு 150 கோடிக்கு விற்றது. விற்றுவிட்டு அதே இடத்தில் வாடகைக்கு உட்கார்ந்தது. அதாவது வாங்கிய விலையில் பெரும்பகுதியை மனையே கொடுத்துவிட்டது, தொழிலுக்கு என்று கொடுத்தது மிச்சம்தான். சொந்த இடத்தில் கடை நடத்திக்கொண்டிருந்த ரெட் லாப்ஸ்டர் மறுநாளிலிருந்து, வருடா வருடம் ஏறும் நீண்டகாலக் குத்தகையில் வாடகைக்காரர். இப்படி விற்கும்போது மனைக்கு அதிக விலை வேண்டுமென்றால் அதிக வாடகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும், விலை என்பதே வரப்போகும் வாடகையின் கணக்குத்தானே. விலையை இன்று வாங்கிக்கொள்பவர் ஒருவர், வாடகையை இருபது இருபத்தைந்து வருடம் கட்டப்போவது இன்னொருவர். கோல்டன் கேட் போய்விடும், கடை இருக்கும்.

2016-இல் தாய்லாந்தின் தாய் யூனியன், உலகின் பெரிய டியூனா (சூரை மீன்), இறால் நிறுவனங்களில் ஒன்று, 57.5 கோடி டாலரைப் போட்டுக் கால்பங்கு உரிமையோடு மேலும் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பையும் வாங்கியது. 2020-இல் வேறு சில கூட்டாளிகளோடு சேர்ந்து கோல்டன் கேட்டின் மிச்சத்தையும் வாங்கிக்கொண்டது. சரக்கு விற்பவரே கடைக்கும் முதலாளி. கேட்பதற்கு நல்ல பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் இறாலை யாரிடம் என்ன விலைக்கு வாங்குவது என்று முடிவெடுக்கும் இடத்தில் இறால் விற்பவர் உட்கார்ந்திருந்தால் கடையின் நலனைப் பேச ஆள் எங்கே? பின்னால் திவால் மனுவில் ரெட் லாப்ஸ்டரின் புது நிர்வாகம் இதையே கேட்டது. வேறு இரண்டு இறால் சப்ளையர்களை நீக்கியதால் தாய் யூனியனுக்குத் தனி உரிமை போல ஆகிவிட்டது, செலவு ஏறியது என்று எழுதினார்கள்.

2023 ஜூனில் 20 டாலருக்கு அளவில்லா இறால் என்பதை நிரந்தரச் சலுகையாக்கினார்கள். முன்பு குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் வந்துபோன சலுகை அது. இப்போது ஆலிவ் கார்டனை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் அளவில்லாப் பாஸ்தா என்று ஒரு சலுகை வரும், ஆனால் இரண்டாவது தட்டில் வருவது மாவு. இங்கே இரண்டாவது, ஐந்தாவது தட்டிலும் வருவது இறால். மேசை காலியாகாது, பரிமாறுபவருக்கு வேலை கூடும், வாசலில் அடுத்த குடும்பம் காத்திருக்கும். சலுகையால் 1.1 கோடி டாலர் நட்டம் என்று மனுவில் இருக்கிறது. இது பெரிய தொகைதான். ஆனால் அதே மனுவில் 2023-க்கான வாடகை 19 கோடி டாலர், அதில் 6.4 கோடி சரியாக ஓடாத கடைகளுக்குக் கட்டியது. குத்தகைகளில் கணிசமானவை சந்தை விலைக்கு மேல் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறால் செய்திக்கு நல்ல தலைப்பு, வாடகைதான் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வந்து நின்றது. சொந்த இடமாக இருந்திருந்தால் ஓடாத கடையை மூடி மனையை விற்றுக் காசு பார்த்திருக்கலாம். குத்தகையில் கடையை மூடினாலும் வாடகை ஓடும்.

2024 மே மாதம் திவால் பாதுகாப்புக் கோரியது. செப்டம்பரில் ஃபோர்ட்ரெஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையில், கடன் கொடுத்தவர்கள் கைக்கு மாறி, சுமார் 540 கடைகளோடு வெளியே வந்தது. திவால் நீதிமன்றம் மூலம் வேண்டாத குத்தகைகளை உதற முடிந்ததுதான் அதில் கிடைத்த முக்கிய நன்மை.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். டார்டனும் 2015-இல் தன் 418 கடைகளின் மனையைப் பிரித்து ஃபோர் கார்னர்ஸ் என்ற தனி நிறுவனமாக்கி வாடகைக்குப் போனதே, அது ஏன் விழவில்லை? செய்தது அதே ஸ்டார்போர்டு காலத்து இயக்குநர் குழுதான். வித்தியாசம் மூன்று இடத்தில் இருக்கிறது. மனை நிறுவனத்தின் பங்குகள் டார்டனின் பங்குதாரர்களுக்கே போயின, யாரும் இடையில் புகுந்து எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்த ஏற்பாட்டில் கிடைத்த பணத்தைக் கடன் அடைக்கவே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். எல்லாவற்றையும்விட, நன்றாக ஓடும் ஆலிவ் கார்டன் கடைகளின் வருமானம் தாராளமாகத் தாங்கும் அளவில் வாடகையை வைத்தார்கள். மனையை விற்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு வாடகைக்கு, யாருடைய நன்மைக்காக விற்றார்கள் என்பதுதான் கேள்வி. இன்னொரு தகவல், ஃபோர் கார்னர்ஸ் மனை நிறுவனமாக இருந்தும் சான் அன்டோனியோவில் ஆறு லாங்ஹார்ன் கடைகளை பிராஞ்சைஸாகத் தானே நடத்தும் ஏற்பாட்டோடு பிரிந்தது. தொழிலையும் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டு தொடங்கிய வீட்டுக்காரர்.

இன்றைக்கு டார்டன் பங்குகளில் பெரும்பகுதி பிறர் பணத்தை முதலீடு செய்யும் வான்கார்டு, பிளாக்ராக் போன்ற நிறுவனங்கள் கையில் இருக்கிறது, அதில் சாதாரண மக்களின் ஓய்வூதியச் சேமிப்பும் உண்டு. 2022 முதல் தலைமை அதிகாரி ரிக் கார்டினஸ். 1984-இல் ஒரு ரெட் லாப்ஸ்டரில் மேசை துடைக்கும் வேலையில் சேர்ந்தவர். ஜோ லீயைப் போல இவரும் கடைக்குள்ளிருந்து வந்தவர் என்பதை நான் பெரிய பலமாகப் பார்க்கிறேன். நிதிக்காரர்கள் மட்டுமே ஆண்ட காலத்தில் ரெட் லாப்ஸ்டருக்கு என்ன ஆனது என்று மேலே பார்த்தோமே.

வாங்குவது போலவே விடுவதும் நடந்துகொண்டிருக்கிறது. பஹாமா பிரீஸ் என்று 1996-இல் இவர்களே தொடங்கிய ஒரு சங்கிலி, பெரிதாக வளரவே இல்லை. 2025-இல் 15 கடைகளை மூடினார்கள், மிச்சம் 28 கடைகளை விற்கலாமா, அல்லது அதே கட்டடங்களில் டார்டனின் வேறு பிராண்டுகளைத் திறக்கலாமா என்று பார்ப்பதாக அறிவித்தார்கள். இந்த இரண்டாவது வாய்ப்பு ஒற்றைப் பிராண்டு கம்பெனிக்குக் கிடையாது. கடை ஓடாத மூலையில் பலகையை மட்டும் மாற்றிவிட்டு, அதே கட்டடத்தில், அதே வாடகைக்கு, முடிந்தால் அதே ஆட்களை வைத்து வேறு கடை நடத்தலாம்.